ஆழ்கடலில் ஒரு சாளரம்

கடலில் 10 மீற்றர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. ஆதலால், சிறு நீர்மூழ்கியைத் தாமே கட்டுவோர் பெரிதும் அஞ்சுவது அதன் சாளரத்திற்கே. கண்ணாடி திடீரென நொறுங்கும். அக்கிரிலிக்கோ பெரும்பாலும் முன்னரே கீறல் காட்டி எச்சரிக்கும். குவிந்த புறம் கடலை நோக்குமாறு அதனைக் கவிகையாக்கினால், நீர் அதனை நெருக்குமேயன்றி இழுத்துப் பிளப்பதில்லை. அமுக்கத்திற் சுருங்குங் கவிகை தன் இருக்கையில் வழுக்கவேண்டும். துளையிட்டுத் திருகாணியால் இறுக்கினால் அத்துளையிலிருந்தே வெடிப்புத் தொடங்கலாம்.

1960 சனவரி 23 இல் சாக் பிக்காட், டொன் வோல்ஸ் ஆகியோர் ‘திரியெஸ்தே’ கலத்தில் மரியானா ஆழிக்கு இறங்குகையில், 9,000 மீற்றருக்கு அப்பால் நுழைவழியின் அக்கிரிலிக்குச் சாளரத்திற் கீறல் விழுந்தது. அது முற்றாக உடைந்திருப்பின், மேலே வந்தபின் அவ்வழியின் நீரை அகற்றி வெளியேறுதல் அரிதாயிருக்கும். உடையாமையால் இருவரும் நலமே மீண்டனர். கீறல் கண்ட சாளரத்தோடு மீண்டும் இறங்காமையே அறிவுடைமை.