நடுங்குற இன்ஜினும் ஒரு சாக்பீஸ் கோடும்

இன்னைக்கு நான் காசு கொடுத்துக் கத்துக்கிட்ட ஒரு பாடம்.

செகண்ட் ஹேண்ட்ல ஒரு டீசல் கார் வாங்கினேன். மூணே மாசத்துல, 2,000 ஆர்பிஎம் தாண்டினா முன்பக்கம் ஒரு நடுக்கம், கூடவே பெல்ட் கீச்சுச் சத்தம். மவுன்ட்தான் போயிருக்கும்னு நானே முடிவு பண்ணி எல்லா மவுன்ட்டையும் மாத்தினேன். நடுக்கம் அப்படியே இருந்தது.

அப்புறம்தான் எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். கிராங்க் புல்லியோட நடுவிலிருந்து வெளி வளையம் வரை சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டார். "ரெண்டு நாள் ஓட்டிட்டு வா தம்பி." திரும்பி வந்து பார்த்தா, கோடு ரெண்டா பிரிஞ்சு நின்னது!

காரணம், அது வெறும் புல்லி இல்ல, டேம்பர். நாலு சிலிண்டர் இன்ஜின்ல கிராங்க்ஷாஃப்ட் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு அடி வாங்குது. ஒரு முனையில கனமான ஃப்ளைவீல் பிடிச்சு நிறுத்துது. மறுமுனை ஈரத் துணியைப் பிழியற மாதிரி முறுக்கிக்கிட்டுத் திரும்புது. ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளினா ஆட்டம் ஏறிக்கிட்டே போகுமில்லையா? அதே மாதிரி சில வேகங்கள்ல இந்த முறுக்கலும் ஏறும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நீளமான ஆறு சிலிண்டர் கிராங்க்குகள் இதனால் உடைந்தன. டேம்பர் கண்டுபிடிச்சவர்கள்ல முக்கியமானவர், இங்கிலாந்தின் ஃப்ரெடெரிக் லான்செஸ்டர்.

நம்ம கார்கள்ல இருக்கிற டேம்பர் எளிமையானது. நடுவுல ஹப், வெளியே கனமான வளையம், இடையில ரப்பர். கிராங்க் வெடுக்குனு திரும்பும்போது வளையம் பின்தங்கும். ரப்பர் அந்த ஆற்றலை வெப்பமா மாத்திடும். என் கார்ல ரப்பர் விட்டுப்போய் வளையம் தனியா நழுவிடுச்சு. மவுன்ட் நம்மளைக் காப்பாத்தும்; டேம்பர் கிராங்க்கைக் காப்பாத்தும். ரெண்டும் வேற வேற வேலை.

இதுக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? பெரும்பாலான இன்ஜின்கள்ல கேம் டிரைவும் அதே ஆடுற முனையிலிருந்துதான் கிளம்புது. அந்த முறுக்கல் நேரா அதுக்கும் போகும்.

கியர்: உறுதியானது, லாரி இன்ஜின்கள்ல அதிகம். ஆனா சத்தம் உண்டு, அதிர்வையும் அப்படியே கடத்தும்.

செயின்: ஸ்விஃப்ட் 1.3 டீசல்ல இருக்கிறது இதுதான். நீண்ட நாள் வரும். ஆனா ஆயில் மாத்தாம விட்டா பின்கள் தேஞ்சு செயின் நீளும். 'லைஃப்டைம்'னு சொன்னா அப்படியே நம்பாதீங்க.

பெல்ட்: 1962-ல ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரோட வந்தது. அமைதியானது, ஆயில் வேண்டாம். ஆனா கார் நின்னே இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். கிலோமீட்டர், வருஷம், எது முதல்ல வருதோ அப்போ மாத்தணும். அறுந்தா, பல இன்ஜின்கள்ல பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். அப்புறம் ஹெட்டையே கழட்டணும்.

அதனால பழைய கார் வாங்கும்போது பெல்ட்டா செயினானு மட்டும் கேட்காதீங்க. பெல்ட்னா மாத்தின பில் கேளுங்க. செயின்னா ஆயில் சர்வீஸ் பில் கேளுங்க. காலையில குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி கடகட சத்தம் வருதானு கேளுங்க. அப்படியே புல்லி ரப்பர்ல வெடிப்பு இருக்கா, வளையம் ஆடுதானு ஒரு டார்ச் அடிச்சுப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. ஒரு கடையில பாதி விலைக்கு ரப்பரே இல்லாத முழு இரும்புப் புல்லி காட்டினாங்க. அளவு கச்சிதம். வாங்கவே போயிட்டேன். அண்ணன்தான் தடுத்தார்: "பெல்ட் ஓடும் தம்பி. கிராங்க் தாங்கணுமே?"

ஒரிஜினல் டேம்பரே போட்டோம். நடுக்கம் போச்சு. மவுன்ட்டுக்குக் கொடுத்த காசும் போச்சு. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!