படக்கதைக் கடையின் வரவும் செலவும்

(இரண்டாமாண்டு வணிகவியல் மாணவர் ஒருவர்)

கதை கேட்க விரும்பாத குழந்தை உலகில் இல்லை. அக்கதையைப் படத்தோடு சேர்த்துத் தந்துவிட்டால் சோறும் வேண்டாம், உறக்கமும் வேண்டாம் என்றிருக்கும் பருவத்தைக் கடந்துதான் நாம் எல்லோரும் இக்கல்லூரிக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். படக்கதை வீரர்களைப் பற்றி எழுதுவோர் பலர். அவற்றை விற்றுப் பிழைப்பவரைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். வணிகவியல் மாணவனாகிய எனக்கு அந்த எண்ணம் தோன்றியதற்குக் காரணம் என் பெரியப்பா. இராஜபாளையத்தில் பழைய பேருந்து நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, எட்டடிக்குப் பத்தடி அளவில் ஒரு படக்கதைக் கடை வைத்திருக்கிறார். விற்பனையும் உண்டு, வாடகைக்குப் படிக்கக் கொடுப்பதும் உண்டு. வரும் தை மாதம் கடை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். கட்டட உரிமையாளர் முன்பணத்தை உயர்த்திக் கேட்கிறார். கட்டுவதா, கடையை மூடுவதா என்ற பேச்சு வீட்டில் தினமும் நடக்கிறது. ஆகவே விடுமுறையில் அவருடைய கணக்கு நோட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, வகுப்பில் கற்றதை அவற்றோடு பொருத்திப் பார்த்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் நம் வட்டாரத்துக்கும் படக்கதைக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டும். திருவில்லிபுத்தூரிலிருந்து இருபது கிலோமீட்டர் சென்றால் சிவகாசி. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்த வரலாற்றை நாம் அறிவோம். தீப்பெட்டி வந்ததும் அதற்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சகங்கள் வந்தன. அச்சகங்கள் பெருகியதும் நாட்காட்டி, வாழ்த்து அட்டை என்று வேலை விரிந்தது. அந்த மண்ணில்தான் 1972 ஜனவரியில் 'முத்து காமிக்ஸ்' பிறந்தது. முதல் நாயகர் இரும்புக்கை மாயாவி. ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். உடலில் மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைந்து கை மட்டும் தெரியும். இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற வார இதழில் 1962-இல் தொடங்கிய தொடர் அது. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 'வேலியன்ட்' 1976-இல் வேறு இதழோடு இணைந்து மறைந்தது. மாயாவியோ தமிழில் இன்றும் மறுபதிப்புக் காண்கிறார்! பிறந்த வீட்டைவிடப் புகுந்த வீட்டில் பெருவாழ்வு என்பது இதுதான் போலும்.

பம்பாயிலிருந்து டைம்ஸ் நிறுவனத்தார் 1964 முதல் வெளியிட்ட 'இந்திரஜால் காமிக்ஸ்' வழியாக வேதாளரும் மாண்ட்ரேக்கும் முன்னரே இங்கு வந்திருந்தனர். ஆனாலும் இந்த வியாபாரத்தின் பொற்காலம் 1984-இல் தொடங்கியது என்பார் பெரியப்பா. அவ்வாண்டு ஜூலையில் இரண்டு இதழ்கள் ஒருசேரத் தோன்றின. சிவகாசியிலிருந்து 'லயன் காமிக்ஸ்', மாடஸ்டி பிளைசியின் கதையோடு வந்தது. தினத்தந்தி குழுமத்திலிருந்து 'ராணி காமிக்ஸ்', ஜேம்ஸ்பாண்டோடு வந்தது. ராணி மாதம் இருமுறை வரும். விலை ஒன்றரை ரூபாய். தினத்தந்தி போகும் ஊருக்கெல்லாம் அதுவும் போயிற்று.

அக்காலத்தில் பெரியப்பா பள்ளி மாணவர். வீட்டுத் திண்ணையில் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டு, உட்கார்ந்து படித்தால் 10 பைசா, வீட்டுக்கு எடுத்துச் சென்றால் 25 பைசா என்று தொடங்கினார். பையன்கள் மட்டுமா வந்தார்கள்? நூற்பாலைகளில் ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளர்களும் வந்தார்கள். இராத்திரி ஷிப்டுக்குப் போகுமுன் ஒரு டெக்ஸ் வில்லர் படித்துவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்களாம். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்குப் படம் துணை நிற்கும். படக்கதையைச் சிறுபிள்ளைச் சமாச்சாரம் என்று ஒதுக்கும் நம் விரிவுரையாளர் சிலர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பது என் பணிவான எண்ணம்.

பிறகு ஒவ்வொன்றாக நின்றன. இந்திரஜால் 1990-இல் நின்றது. கேபிள் தொலைக்காட்சி வந்தது. 1995-இல் கார்ட்டூன் நெட்வொர்க் வந்தது. 1947-இல் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்த அம்புலிமாமாவும் பின்னர் நின்றது. ஆனால் தொலைக்காட்சிதான் கடையைக் கெடுத்தது என்று நோட்டுகள் சொல்லவில்லை. பெரிய சரிவு 2005-இல்தான் தெரிகிறது. அது ராணி காமிக்ஸ், ஏறக்குறைய 500 இதழ்களுக்குப் பின், நின்றுபோன ஆண்டு. காரணம் எளிது. ஒன்றாந்தேதியும் பதினைந்தாந்தேதியும் கடைக்கு ஆளை வரவழைத்தது ராணிதான். ராணிக்கு வந்தவன் இன்னொன்றையும் எடுத்துப் போவான். வருகிற நாள் தெரியாத இதழுக்கு வாடிக்கை உண்டாவதில்லை.

அடுத்த திருப்பம் 2012. அதுவரை பத்து ரூபாய் அளவில், கறுப்பு வெள்ளையில், சாதாரணத் தாளில் வந்துகொண்டிருந்த லயன், அவ்வாண்டு ஜனவரியில் வண்ணத்தில், வழவழப்பான தாளில், 100 ரூபாய் விலையில் ஒரு சிறப்பிதழோடு மறுபிறவி எடுத்தது. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி! பெல்ஜியத்து லக்கி லுக்கும் கேப்டன் டைகரும் மூல வண்ணத்திலேயே வந்தார்கள். வாசகர் மகிழ்ந்தனர். கடைக்காரர் நிலை என்ன?

ஒரு கணக்குப் போடுவோம். கழிவு நூற்றுக்கு 25 என்று வைத்துக்கொள்வோம். பத்து ரூபாய்ப் புத்தகம் 30 பிரதி எடுக்க 225 ரூபாய் முதல் போதும். நூறு ரூபாய்ப் புத்தகத்துக்கு 2,250 ரூபாய் வேண்டும். விற்காமல் ஒரு பிரதி தங்கினால், மூன்று பிரதி விற்ற இலாபத்தை அது விழுங்கும். பத்து ரூபாயிலும் அப்படித்தான், நூறு ரூபாயிலும் அப்படித்தான். விகிதம் மாறவில்லை. மாறியது வாங்கும் ஆள். பத்து ரூபாயைப் பையன் தன் கைக்காசில் கொடுத்தான். நூறு ரூபாயை அவன் அப்பாதான் கொடுக்க வேண்டும். அப்பாவோ அந்தப் பணத்துக்கு நோட்ஸ் வாங்கிக் கொடுப்பார். இன்று பெரியப்பாவின் கடையில் புதிய இதழ் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் எண்பதுகளில் அரைக்கால் சட்டை போட்டிருந்தவர்கள்தான்.

சரக்கிருப்புச் சுழற்சி விகிதத்தை நமக்கு இரண்டாம் பருவத்தில் நடத்தினார்கள். அது எனக்கு உண்மையில் விளங்கியது திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை நினைத்தபோதுதான். பால்கோவாவில் நூறு ரூபாய் முதலுக்குப் பத்து ரூபாய்தான் இலாபம் என்று கொள்க. வாரம் இருமுறை அந்த முதல் திரும்பினால், ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு சுழற்சி. நூறு ரூபாய் முதல் ஆயிரம் ரூபாய் தரும். படக்கதையில் 75 ரூபாய் போட்டு 25 எடுக்கிறோம். அதாவது நூறு ரூபாய் முதலுக்கு 33 ரூபாய். கேட்க இனிக்கிறது. ஆனால் முதல் ஆண்டுக்கு இருமுறைதான் திரும்பும் என்றால், மொத்தம் 66 ரூபாய்! பால்கோவா சில நாளில் கெட்டுப்போகும். அந்தப் பயத்தினாலேயே அளவாகக் கிண்டுகிறார்கள், விரைவாக விற்கிறார்கள். புத்தகம் கெடாது. கெடாது என்ற தைரியத்திலேயே அது அலமாரியில் தங்கிவிடுகிறது. வாடகை மட்டும் மாதந்தோறும் கெடு தவறாமல் வருகிறது.

இதோடு சந்தா முறையும் சேர்ந்துகொண்டது. வாசகர் ஓராண்டுத் தொகையை முன்பணமாகப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டால், இதழ் நேராக வீட்டுக்கே வருகிறது. பதிப்பகத்தைக் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டு உரிமைக்குப் பணம் கட்ட வேண்டும். எத்தனை பிரதி அச்சிடுவது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ஆனால் வாங்கும் தாளுக்கு உண்டு, அந்த வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. சந்தா இல்லாவிட்டால் தமிழில் படக்கதையே நின்றிருக்கும் என்றுகூடச் சொல்லலாம். எனினும் வாங்க வல்ல வாசகர் சந்தாதாரர் ஆகிவிட்டால், கடைக்கு மிஞ்சுவது வாங்க முடியாத வாசகரே.

இது நம்மூர்க் கதை மட்டுமன்று. அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில் ஃபில் சூலிங் என்பவர் ஒரு புது ஏற்பாடு செய்தார். விற்காத பிரதியைத் திருப்பித் தரக் கூடாது; அதற்கு ஈடாகக் கழிவு கூடுதல். அந்த ஏற்பாட்டில்தான் அங்கே படக்கதைக்கென்றே தனிக் கடைகள் பெருகின. நட்டத்தின் அபாயம் பதிப்பாளர் தலையிலிருந்து கடைக்காரர் தலைக்கு இறங்கியது. 1990-களில் சேகரிப்போர் மோகம் ஏறி இறங்கியபோது கடைகள் பல மூடின. அதன்பின் விநியோகம் டைமண்ட் என்ற ஒரே நிறுவனத்தின் கைக்குள் போயிற்று. 2025 ஜனவரியில் அந்நிறுவனமும் திவால் மனு கொடுத்தது. அத்தனை பெரிய நாட்டிலேயே அப்படியென்றால், எட்டடிக் கடைக்காரர் என்ன செய்வார்?

வாடகைக்கு விடுவதுதான் வழி என்று நான் முதலில் நினைத்தேன். ஒரு பிரதியை விற்றால் ஒருமுறை 25 ரூபாய். பத்து ரூபாய் வாடகைக்கு விட்டால், எட்டாவது கையில் முதல் திரும்பிவிடும். அதன்பின் தையல் பிரிந்து தாள் உதிரும்வரை வருவதெல்லாம் இலாபம். ஜப்பானில் போருக்குப் பின் 'காஷிஹோன்' எனப்பட்ட வாடகைக் கடைகள் இவ்வாறே தழைத்தன. புகழ்பெற்ற ஓவியர் பலர் அக்கடைகளுக்காக வரைந்தே வளர்ந்தனர். 1959 முதல் மலிவான வார இதழ்கள் வந்து அவற்றை ஓரங்கட்டின. இங்கே நேர்மாறு. இதழின் விலை ஏறியிருக்கும் இந்நாளில் வாடகைக் கடைக்கு மவுசு கூடியிருக்க வேண்டுமல்லவா? கூடவில்லை. பையன் கையில் செல்பேசி இருக்கிறது. அதற்குப் பத்து ரூபாயும் வேண்டாம்.

இங்கேதான் பெரியப்பாவின் தலையாய சிக்கல் வருகிறது. எழுபதுகள், எண்பதுகளின் முத்து, லயன் இதழ்கள் அவரிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. சேகரிப்போர் அவற்றுக்கு நூற்றுக்கணக்கில், சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். ஆனால் அட்டை கசங்காத, பேனாக் கிறுக்கல் இல்லாத பிரதிக்குத்தான் அந்த விலை. வாடகைக்குப் போய் வந்த பிரதிக்கு மதிப்பில்லை. ஆக, ஒரே புத்தகம் வாசகனுக்கும் சேகரிப்பவருக்கும் சேர்ந்து பயன்படாது. விற்றுவிட்டாலோ, புதிய சரக்கைப்போல மறுபடி கொள்முதல் செய்ய முடியாது. வரும் பணம் வாடகையில் கரையும், பெட்டி காலியாகும். கணக்கியல் மொழியில் சொன்னால், அது இலாபமன்று, முதலையே தின்பது. ஆசிரியர்கள் திருத்துவார்களாக. பழைய கதை மறுபதிப்பாக வந்தால் விலை இறங்கிவிடும் என்ற அச்சமும் உண்டு. வெளியூர் அன்பர்களுக்கு அவ்வப்போது ஒன்றிரண்டு அனுப்பி வந்தார்; 2024 டிசம்பரில் அஞ்சல் துறை பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்தியபின் அதிலும் செலவு கூடிவிட்டது.

ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு நோட்டில் பச்சை மை தெரியும். அது ஆடிப்பூரம். திருவில்லிபுத்தூர்த் தேரோட்டத்துக்கு இரண்டு சாக்கு நிறையப் பழைய புத்தகங்களோடு பெரியப்பாவும் நானும் பேருந்தில் போவோம். தெருவோரம் சாக்கை விரித்து, எதை எடுத்தாலும் இருபது ரூபாய் என்று பரப்புவோம். இராட்டினத்துக்கும் வளையல் கடைக்கும் நடுவில் பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து படம் பார்க்கும். செல்பேசி வைத்திருக்கும் அதே பிள்ளைகள்தான்! வாடகையில்லை, மின்கட்டணம் இல்லை. ஒரு நாளில் சரக்கு பாதி தீர்ந்துவிடும். பிள்ளைகளுக்குப் படக்கதை பிடிக்கவில்லை என்பது பொய் என்பதற்கு அந்தச் சாக்கே சாட்சி. அவர்கள் இருக்கும் இடத்தில், அவர்களுக்கு எட்டும் விலையில் புத்தகம் இல்லை என்பதே உண்மை.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தேன். தவணையில் ஒரு ஜெராக்ஸ் இயந்திரம் வாங்கி, நோட்டு, பேனா, விண்ணப்பப் படிவம் வைப்பது. வாடகையை அவை கட்டும். படக்கதைக்கு ஒரு சுவர். புதிய இதழ் மூன்று பிரதிக்கு மேல் எடுப்பதில்லை, அவையும் வாடகைக்கு. மாதம் ஒரு ஞாயிறு திருவில்லிபுத்தூரில் சாக்குக் கடை. தகரப் பெட்டியிலிருந்து இரட்டைப் பிரதிகளை மட்டும் விற்று முன்பணம் கட்டுவது.

பெரியப்பா நோட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். இரட்டைப் பிரதிகளுக்குச் சம்மதித்துவிட்டார். ஜெராக்ஸுக்கும் மறுப்பில்லை. படக்கதைக்கு இரண்டு சுவர் வேண்டும் என்கிறார். பேச்சு இப்போதைக்கு அங்கேதான் நிற்கிறது.