கொடைக்கு வரும் வில்லும் மகுடமும்

ஆடி மாதம் நெருங்கிவிட்டது. குற்றாலத்தில் சாரல் விழுகின்றது. கிழக்கே ஆலங்குளம் வட்டாரத்தில் நமக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் மேல்காற்று மட்டுமே. ஆயினும் ஊர்தோறும் கொடை விழாவுக்கான கால்நாட்டு வேலைகள் தொடங்கிவிட்டன. தெருவிளக்கு, குடிநீர், வாறுகால் என ஒன்றிய அலுவலகத்துக்கு வரும் மனுக்கள் எல்லாம் இந்நாட்களில் ‘கொடைக்கு முன்’ என்ற சொல்லோடுதான் வருகின்றன. அவற்றைக் கவனிப்பது நமது கடமை. அதே கொடையில் நடைபெறும் கலை நிகழ்ச்சிகளைக் குறித்தும் ஊராருக்குச் சில சொல்ல விரும்புகின்றோம்.

கொடைக்கு வில்லுப்பாட்டு வேண்டும். சுடலைமாடன் கோயிலாயின் பல ஊர்களில் கணியான் கூத்தும் உண்டு. சாமி ஊர்வலத்துக்கு நையாண்டி மேளமும் கரகமும் வரும். இவற்றில் வில்லுப்பாட்டைச் சற்று விரிவாகக் காண்போம். நம் கண்ணெதிரே நடப்பதாலேயே நாம் உற்று நோக்காமல் விடுவனவற்றுள் அதுவும் ஒன்று.

ஆள் உயரத்தினும் நீண்ட வில் ஒன்று மண்குடத்தின்மீது சார்த்திக் கட்டப்படுகின்றது. வில்லில் மணிகள் தொங்கும். தலைமைப் பாடகர் இரு வீசுகோல்களால் நாணைத் தட்டிக் கதை பாடுவார். குடம் அடிப்பவர் தட்டையான மட்டை ஒன்றினால் குடத்தின் வாயை அடித்து ஆழ்ந்த ஓசை எழுப்புவார். உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை உடன் ஒலிக்கும். பக்கப்பாட்டுக்காரர் ஆமாம் போட்டுக் கதையை நகர்த்துவார். முன்பு ஆடவரே தலைமை ஏற்றனர். இன்று பெண்கள் தலைமையில் பாடும் குழுக்களும் பல உள்ளன. ஊரார், குறிப்பாகப் பீடி சுற்றும் தாய்மார், அவர்களை மிகவும் விரும்பிக் கேட்கின்றனர்.

பாட்டுக்கு ஒழுங்கு உண்டு. காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டு வளம் ஆகியவற்றைக் கடந்தே கதை தொடங்கும். வாழி பாடி முடியும். கோயிலில் பாடும்போது இதற்கு மேலும் ஒரு கணக்கு இருக்கின்றது. சாமியின் பிறப்பும் வளர்ப்பும் முன்னிரவில் பாடப்பட்டு, கதையின் உச்சம் சாமக்கொடை வேளையை ஒட்டி வரவேண்டும். அவ்வேளையில்தான் சாமியாடிக்கு அருள் வரும். பாடகர் கதையை நீட்டுவதும் சுருக்குவதும் பூசை நடக்கும் வேகத்தைப் பார்த்தே. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் குமரி மாவட்டத்துக் கொடைகளில் இத்தொடர்பை ஆராய்ந்து 1988இல் ஒரு நூலே வெளியிட்டார். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அது நூல் பார்த்துத் தெரியவேண்டிய செய்தியன்று.

கதைகளும் அற்பமானவை அல்ல. காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலில் வழிபடப்பெறும் முத்துப்பட்டன், அந்தணர் குலத்தில் பிறந்து, தோல் தொழில் செய்த வாலப்பகடையின் மகளிர் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, ஆநிரை காக்கப் போரிட்டு மாண்டவர். சாதியைப் பற்றி நாம் மேடையில் ஒரு மணி நேரம் பேசிச் சொல்வதை இக்கதை பாட்டிலேயே சொல்லிவிடுகின்றது. நாங்குநேரிப் பேராசிரியர் நா. வானமாமலை இதனைப் பதிப்பிக்க, 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

கோயிலுக்கு வெளியிலும் வில் சென்றிருக்கின்றது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கொத்தமங்கலம் சுப்புவும் காந்தியடிகளின் கதையை வில்லில் பாடினர். திருநெல்வேலிச் சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம், வில்லைச் சென்னை மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுசென்று, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022இல் மறைந்தார்.

கணியான் கூத்தில் வில் இல்லை. மகுடம் என்னும் தோற்கருவிகள் இரண்டு. ஒன்று உச்ச ஒலி, மற்றது மந்த ஒலி. அண்ணாவி பாட, பெண் வேடமிட்ட ஆடவர் ஆடுவர். கணியான் சமூகத்தார் எண்ணிக்கையில் சிறியவர். அவர்தம் பிள்ளைகள் வேறு தொழிலுக்குச் செல்வதில் குறை காண நமக்கு உரிமையில்லை. வருகின்ற குழுவுக்குத் தங்க இடமும் நேரத்துக்கு உணவும் பேசிய கூலியும் கொடுத்தோமா என்பதையே நாம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

இனி இடர்ப்பாட்டைச் சொல்லுகின்றோம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. விதி நல்லதே, பள்ளிப் பிள்ளைகளும் நோயாளிகளும் உறங்கவேண்டும். ஆனால் ஊரில் நடப்பது என்ன? ஏழு மணிக்குப் பாராட்டு விழா, எட்டு மணிக்கு மெல்லிசை, எஞ்சிய அரைமணி நேரம் வில்லுக்கு. நாட்டு வளம் பாடும்போதே காவலர் வந்து நிற்கின்றார்.

ஒரு கொடையில் இக்குற்றத்துக்கு நாமே உடந்தையானோம். சுகாதாரத் திட்டங்களை விளக்குவதற்கென மேடையேறி நாற்பது நிமிடம் பேசிவிட்டோம். இறங்கியபோது குடம் அடிக்கும் முதியவர், ‘ஐயா, சாமி இன்னும் பிறக்கவே இல்லை’ என்றார். அவர் சினந்து சொல்லவில்லை. அதன் பிறகு கொடை மேடையில் நாம் பேசுவதில்லை. செய்தியைக் குழுவினரிடம் கொடுத்தால் கதைக்கு நடுவே இரண்டு அடியில் அவர்களே சொல்லிவிடுகின்றனர். மக்களும் கேட்கின்றனர்!

ஆகவே இவ்வாண்டு விழாக் குழுவினர் அச்சாரம் கொடுக்கும்போதே எந்தக் கதை, எத்தனை மணி நேரம், சாமக்கொடை எப்போது என்று தலைமைப் பாடகரிடம் பேசி, அதற்கேற்பப் பொழுது சாயுமுன்பே வில் பூட்டச் செய்யவேண்டுகின்றோம். மெல்லிசை வேண்டுமாயின் மறுநாள் மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். காவல் நிலைய அனுமதி மனுவை முன்கூட்டியே கொடுப்பது நலம். கலைஞர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கின்றனரா என்றும் கேளுங்கள்; இல்லையெனில் கலை பண்பாட்டுத் துறைக்குரிய விண்ணப்பத்தை நிரப்ப ஊராட்சிச் செயலர் உதவுவார். மாவட்டக் கலை மன்றத்தின் விருதுகளுக்கும் விண்ணப்பிக்கலாம்: 18 வயதுக்குட்பட்டவர்க்குக் கலை இளமணி, 65 வயதைக் கடந்தவர்க்குக் கலை முதுமணி. அந்தக் குடம் அடிக்கும் முதியவரின் விண்ணப்பத்தை நாமே நிரப்பிக் கொடுத்தோம். பிறந்த ஆண்டைக் கேட்டபோது, எந்த ஊர்க் கொடை நடந்த ஆண்டு என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது.