பே ஸ்லிப்பில் 'உணவு வங்கி 300 ரூபாய்': அந்தக் காசு யார் பெயரில் போகுது?



போன மாசம் என் சித்தப்பா பையன் அவனோட பே ஸ்லிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினான். பிஎஃப், தொழில் வரி, டிடிஎஸ் எல்லாம் வழக்கம் போலத்தான். அதுக்குக் கீழே புதுசா ஒரு வரி: உணவு வங்கி, 300 ரூபாய். "அண்ணா, இது என்ன பிடித்தம்? நான் எப்போ சரின்னு சொன்னேன்னே ஞாபகம் இல்லை"ன்னு கேட்டான்.

சொல்லியிருக்கான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கையெழுத்துப் போட்ட பேப்பர் கட்டில் அதுவும் ஒண்ணு. நம்மில் எத்தனை பேர் அந்தக் கட்டைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டோம்?

300 ரூபாய் பெரிய தொகை இல்லை. நல்ல காரியத்துக்குத்தான் போகுது, அதுலயும் அவனுக்கு வருத்தம் இல்லை. ஆனா நான் கேட்ட அடுத்த கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை: "ரசீது யார் பெயரில் வருது?"

ஹெச்ஆரில் கேட்டுப் பார்த்தான். 450 பேரிடம் பிடித்த பணத்தை மொத்தமாகச் சேர்த்து, கம்பெனி கணக்கிலிருந்து ஒரே டிரான்ஸ்ஃபரா அனுப்பிடுறாங்களாம். ரசீது கம்பெனி பெயரில் ஒண்ணே ஒண்ணு. கணக்குப் போட்டுப் பாருங்க: 450 பேர், மாசம் 300, வருஷத்துக்கு 16,20,000 ரூபாய். ஆண்டு விழாவில் பெரிய சைஸ் காசோலை அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிர்வாகம் போட்டோ எடுத்துக்கிச்சு. அட்டையில் கம்பெனி லோகோ மட்டும்தான். யாரும் திருடலை, பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கு. ஆனா கொடுத்தவங்க 450 பேர், பேர் வாங்கினது வேற ஒருத்தர்.

இன்னைக்கு இதைத்தான் பிரிச்சுப் பார்க்கப் போறோம். கம்பெனி கொடுக்கிற காசு எது, நம்ம காசு எது, வரியில் நமக்கு என்ன கிடைக்கும், அந்தப் பணம் கடைசியில் யார் தட்டுக்குப் போகுது.

முதல்ல உணவு வங்கின்னா என்னன்னு பார்த்துடலாம். இது அன்னதானக் கூடம் இல்லை. பெரும்பாலும் ஒரு குடோன்தான். மொத்த வியாபாரி, சூப்பர் மார்க்கெட், உணவுக் கம்பெனி, தனி நபர்கள் கொடுக்கிற பொருளையும் பணத்தையும் ஓரிடத்தில் சேர்த்து, அங்கிருந்து இல்லங்களுக்கும் சமையற்கூடங்களுக்கும் பிரிச்சு அனுப்புற இடம். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் 1967-ல் தொடங்கிய செயின்ட் மேரிஸ் உணவு வங்கியைத்தான் உலகத்தின் முதல் உணவு வங்கின்னு சொல்றாங்க. கடைகள் தூக்கிப் போடுற நல்ல உணவை ஏன் ஓரிடத்தில் 'டெபாசிட்' பண்ணி, தேவைப்படுறவங்க எடுத்துக்கக் கூடாதுங்கிற யோசனைதான். வங்கிங்கிற பேரும் அப்படி வந்ததுதான்.

நம்ம ஊரிலும் இது புதுசு இல்லை. சென்னையில் ராஜஸ்தான் இளைஞர் சங்கத்தினர் 1993-லேயே உணவு வங்கி தொடங்கிட்டாங்க. 2014-ல் கோயம்புத்தூரில் ஆரம்பிச்ச 'நோ ஃபுட் வேஸ்ட்' கல்யாண மண்டபங்களில் மிஞ்சும் சாப்பாட்டை எடுத்துட்டுப் போய்க் கொடுக்குது. அதே 2014-ல் டெல்லியில் தொடங்கின ராபின் ஹுட் ஆர்மி பணமே வாங்குறதில்லை, உங்க நேரத்தை மட்டும்தான் கேட்பாங்க.

மிஞ்சின சாப்பாடுன்னதும் "கெட்டுப் போனதைக் கொடுத்துட்டா என்ன பண்றது?"ன்னு ஒரு பயம் வரும். நியாயமான பயம்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையம் உபரி உணவை மீட்டு விநியோகிக்கிறதுக்குன்னே 2019-ல் தனி ஒழுங்குமுறை கொண்டு வந்திருக்கு. கொடுக்கிற பொட்டலத்தில் என்ன உணவு, எங்கிருந்து வந்தது, எதுவரைக்கும் சாப்பிடலாம், சைவமா அசைவமா, விற்பனைக்கு அல்ல என்பதெல்லாம் இருக்கணும். உங்க ஆபீஸ் கேன்டீனில் மிஞ்சுறதைக் கொடுக்கலாம்னு யோசனை இருந்தா, அந்த விதிகள் தெரிஞ்ச அமைப்போட சேர்ந்து பண்ணுங்க. டப்பாவைத் தூக்கிக்கிட்டுச் சிக்னலுக்குப் போறது வேண்டாம்.

சரி, காசுக்கு வருவோம்.

கம்பெனிகள் சட் சட்னு கோடிகளில் நன்கொடை கொடுக்கக் காரணம் தாராள மனசு மட்டும் இல்லை, சட்டமும்தான். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இந்த மூணில் ஒண்ணைத் தொட்டாலே போதும். அந்தக் கம்பெனி கடந்த மூணு வருஷத்துச் சராசரி நிகர லாபத்தில் குறைஞ்சது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கணும். இதைத்தான் சிஎஸ்ஆர்னு சொல்றோம். 2014 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கு. எதுக்கெல்லாம் செலவழிக்கலாம்னு சட்டத்தின் ஏழாவது அட்டவணை சொல்லுது. அதில் முதல் இனமே பசி, வறுமை, ஊட்டச்சத்துக் குறைவை ஒழிக்கிறதுதான். கம்பெனி இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கணும்னும் சட்டத்திலேயே இருக்கு. அதனால உங்க ஆபீஸ் இருக்கிற ஏரியாவில் உள்ள உணவு வங்கிக்கு உதவச் சொல்லி ஹெச்ஆரிடம் கேட்கிறதில் கூச்சப்பட ஒண்ணும் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்: அந்த 2 சதவீதம் கம்பெனியோட லாபத்திலிருந்து வரணும். உங்க சம்பளத்தில் பிடிச்ச 300 ரூபாய் அந்தக் கணக்கில் சேராது. அதே மாதிரி, சனிக்கிழமை நீங்க போய் மூட்டை கட்டிக் கொடுத்த நாலு மணி நேரத்துக்கு ஒரு விலை போட்டு, அதையும் சிஎஸ்ஆர் செலவுன்னு காட்ட முடியாது. பொருளாகக் கொடுக்கிறதையும் அப்படிப் பணமாக மதிப்பிட்டுக் காட்ட முடியாது. கம்பெனி விவகார அமைச்சகம் 2021-ல் வெளியிட்ட கேள்வி பதிலிலேயே இதைத் தெளிவாச் சொல்லிட்டாங்க. ஆக, கம்பெனி காசு தனி, நம்ம காசு தனி, நம்ம உழைப்பு தனி.

நம்ம காசுக்கு வரிச்சலுகை உண்டா? 80ஜி பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. அதில் மூணு விஷயம் முக்கியம். ஒண்ணு, நீங்க புதிய வரி முறையில் இருந்தா 80ஜி கிடையாது. 2023-24-லிருந்து நீங்களா மாத்தாத வரைக்கும் புதிய முறைதான் உங்களுக்கு. 2025-26-க்குச் சம்பளம் 12.75 லட்சம் வரைக்கும் இருந்தா அதில் வரியே இல்லை, அப்புறம் கழிக்க என்ன இருக்கு? ரெண்டு, பழைய முறையில் இருந்தாலும் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தா சலுகை இல்லை. மூணு, 25 கிலோ அரிசி மூட்டையை வாங்கிக் கொடுத்தா அதுக்கும் இல்லை. பணமாகக் கொடுத்தால்தான் 80ஜி.

எவ்வளவு மிச்சமாகும்னு என் தம்பி கணக்கையே போடலாம். அவன் வீட்டுக் கடன், வாடகைன்னு பழைய முறையிலேயே இருக்கான், 20 சதவீத வரம்பு. வருஷத்துக்கு 3600 ரூபாய். இந்த மாதிரி தொண்டு நிறுவனங்களுக்குப் பொதுவாகப் பாதித் தொகைக்குத்தான் கழிவு, அதாவது 1800. செஸ்ஸோட சேர்த்து 20.8 சதவீதம்னா 374 ரூபாய். அவ்வளவுதான். இதுக்காகப் பழைய முறைக்கு மாறணும்னு யாராவது ரீல்ஸில் சொன்னா நம்பாதீங்க.

அந்த 374 கூட அவனுக்கு வரலை. ஏன்னா 80ஜி கேட்கணும்னா நம்ம பெயரிலும் பான் எண்ணிலும் நன்கொடைச் சான்றிதழ் இருக்கணும். தொண்டு நிறுவனம் வருமான வரித் துறைக்கு 10பிடி படிவத்தில் நன்கொடையாளர் பட்டியலைக் கொடுக்கும். அதை வச்சு 10பிஇ சான்றிதழ் வரும். நிதியாண்டு முடிஞ்சு மே 31-க்குள் அது உங்க கைக்கு வரணும். கம்பெனி ஒரே தொகையா அனுப்பினா அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும், கம்பெனி பெயர். இதுக்குத் தீர்வு ரொம்பச் சின்னது. பணம் அனுப்பும்போதே ஊழியர் பெயர், பான், தொகைன்னு ஒரு எக்செல் ஷீட்டையும் சேர்த்து அனுப்பினா, தொண்டு நிறுவனம் ஒவ்வொருத்தர் பெயரிலும் பதிவு பண்ணிடும். ஒழுங்காப் பண்ற கம்பெனிகள் இதைத்தான் செய்றாங்க.

இன்னொண்ணு: இந்த வகை நன்கொடையைப் பொதுவாக டிடிஎஸ் கணக்குப் போடும்போது கம்பெனி கழிக்காது, பிரதமர் நிவாரண நிதி போன்ற சிலதுக்குத்தான் அது நடக்கும். அதனால ஃபார்ம் 16-ல் வரலையேன்னு பதற வேண்டாம். ரிட்டர்ன் போடும்போது நீங்களே 10பிஇ-யைப் பார்த்து நிரப்பிக்கலாம். புதிய வருமான வரிச் சட்டத்துக்கு 2026 ஏப்ரல்தான் தொடக்கம், அதில் பிரிவு எண்கள் வேற. அப்போ பழைய பேரைத் தேடிக் குழம்பிடாதீங்க.

வரிச்சலுகையை விட எனக்குப் பெரிசாத் தெரியுறது மேட்சிங். நீங்க கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் கம்பெனி ஒரு ரூபாய் போடுறது. மாசம் 500 கொடுத்தா வருஷத்துக்கு 6000, அது உணவு வங்கிக்குப் போய்ச் சேரும்போது 12,000. அதே 6000-க்கு 80ஜி-யில் உங்களுக்கு மிச்சமாகிறது 624 தான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. பல பன்னாட்டுக் கம்பெனிகளில் இந்தத் திட்டம் இருக்கு, ஆனா இன்ட்ராநெட்டில் நாலு கிளிக் தாண்டி ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். தேடிப் பாருங்க. சில இடங்களில் தன்னார்வப் பணிக்குன்னு சம்பளத்தோட லீவே உண்டு, அதையும் பாதிப் பேர் எடுக்கிறதில்லை.

எவ்வளவு கொடுக்கலாம்னு அடிக்கடி கேட்கிறீங்க. நான் சதவீதம் சொல்ல மாட்டேன். ஆனா கிரெடிட் கார்டில் மாசம் மூணு, மூணரை சதவீத வட்டியில் பாக்கி ஓடிக்கிட்டு இருக்கிறவங்க இப்போதைக்குப் பணம் கொடுக்க வேண்டாம்னுதான் சொல்வேன். முதல்ல அந்தக் கடனை அடைங்க, மூணு மாசச் செலவை எமர்ஜென்சி ஃபண்டா ஒதுக்குங்க. அதுவரைக்கும் மாசம் ஒரு சனிக்கிழமை கொடுங்க. குடோனில் பருப்பு பாக்கெட் போட ஆள் இல்லாமத்தான் பல இடத்தில் வேலை தேங்குது.

பணமா, பொருளா? பணம்தான் என் ஓட்டு. நாம கடையில் சில்லறை விலைக்கு வாங்குறதை அவங்க மொத்த விலையில் வாங்குவாங்க. இன்னொரு காரணம் நம்ம ஊருக்கே உரியது. தமிழ்நாட்டில் 2011 ஜூனில் இருந்து ரேஷன் அரிசி இலவசம். ஆபீஸில் உணவு தானம்னு பெட்டி வச்சா எல்லாரும் கொண்டு வந்து போடுறது அரிசிதான். கார்டு இருக்கிற குடும்பத்துக்குத் தட்டுப்பாடு பெரும்பாலும் பருப்பு, எண்ணெய், முட்டை, பால் பவுடரில்தான். சமைச்ச சாப்பாடு யாருக்குத் தேவைன்னா அடுப்பே இல்லாதவங்களுக்கு: நடைபாதையில் இருக்கிறவங்க, அரசு ஆஸ்பத்திரி வராண்டாவில் நோயாளிக்குத் துணையாப் படுத்திருக்கிறவங்க, கார்டை ஊரில் விட்டுட்டு வந்த கட்டிடத் தொழிலாளிகள். பெட்டி வைக்கிறதுக்கு முன்னாடி அந்த உணவு வங்கிக்கு ஒரு போன் போட்டு "இந்த மாசம் எது குறையுது?"ன்னு கேட்டுட்டாப் போதும்.

வெள்ள நேரத்திலும் இதேதான். 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலப்பவும் முதல் சில நாள் மெயின் ரோட்டோரத் தெருக்களில் உணவுப் பொட்டலம் குவியும், உள்ளே தள்ளி இருக்கிற தெருவுக்கு ஒண்ணும் போயிருக்காது. ரெண்டாவது வாரம் எல்லாருக்கும் ஆபீஸ் திறந்துடும், தினக்கூலிக்காரருக்கு மட்டும் வேலை திரும்பியிருக்காது. மாசாமாசம் வர்ற 300 ரூபாய் அந்த ரெண்டாவது வாரத்தில்தான் உதவும். அவசரத்தில் ஒரே தடவை கொடுக்கிற 3000-ஐ விட இதை நான் உசத்தியா நினைக்கிறது அதனாலதான்.

தம்பி கதைக்கு வர்றேன். பிடித்தத்தை நிறுத்தச் சொல்லத்தான் முதல்ல நினைச்சான். நான் வேண்டாம்னேன். அதுக்குப் பதிலா ஹெச்ஆருக்கு நாலு கேள்வியோட ஒரு மெயில் போட்டான். பணம் எந்த அமைப்புக்குப் போகுது, அதுக்கு 80ஜி பதிவு இருக்கா? எங்க பெயர், பான் பட்டியல் சேர்த்து அனுப்புவீங்களா? கம்பெனி தன் பங்குக்கு இதே அளவு போடுமா? வேண்டாம்னு நினைக்கிறவங்க எப்படி விலகுறது? டீமில் இன்னும் பதினோரு பேரை சிசி-யில் போட்டிருந்தான். புத்திசாலி, ஒத்தையா அனுப்பலை.

மூணு வாரம் கழிச்சுப் பதில் வந்துச்சு. போன வருஷத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாதாம். இந்த வருஷத்திலிருந்து பட்டியல் போகும், தனித்தனி சான்றிதழ் வரும். விலகுறதுக்குப் போர்ட்டலில் ஒரு பட்டன் வச்சுட்டாங்க. மேட்சிங் பத்தி மட்டும் "நிர்வாகத்தின் பரிசீலனையில்"னு எழுதியிருக்காங்க. அடுத்த டவுன் ஹாலில் அதையே திரும்பக் கேட்கப் போறதா சொல்றான். பிடித்தத்தை 300-லிருந்து 500 ஆக்கிட்டான்.