தறிக்குடோனில் கேட்கும் ஊர்க்குரல்

ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கே செய்து தர முடியும் என்று 1941-இல் அறிவித்தார் கோவைக் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு. அந்தப் பெட்டியில் கேட்க அன்று கோவைக்கென ஒரு நிலையம் இல்லை. தமிழ் நிலையங்களில் 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலிதான் அருகில் இருந்தது.

கோவை வானொலி 1966-இல் வந்தது. பெட்டி வைத்திருக்க அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டிய காலம். மத்திய அலையில் விவசாய நிகழ்ச்சியும் செய்தியும் எழுத்துத் தமிழில் நிதானமாக வந்தன. நேயர் பதில் சொல்ல நினைத்தால் தபால் கார்டுதான் வழி.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியார் பண்பலை வந்ததும் அந்த வழி எளிதானது. சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, ஹலோ 106.4, ரேடியோ சிட்டி 91.1 என வரிசை கட்டின. சோமனூர் தறிக்குடோன்களில் தறிச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி ஸ்பீக்கர் கட்டினார்கள். பாவு நூல் அறுந்தால் தறியை நிறுத்தி, இழையை முடிந்து, மறுபடி ஓட்டும் கைகளுக்கு இரவு ஷிஃப்ட் முழுக்க அதுதான் துணை. கோவை கணபதிப் பகுதியின் லேத் பட்டறையிலிருந்து ஒருவர் போன் போட்டு, "ஏனுங்க, நல்லாருக்கீங்களா?" என்று கேட்டால், அதே பேச்சில் பதில் வந்தது. கொங்குத் தமிழ் வெட்கமில்லாமல் காற்றில் ஏறியது.

இன்று பாட்டு செல்போனில் கொட்டிக் கிடக்கிறது. போனில் எஃப்.எம். கேட்க இயர்போன் ஒயர்தான் ஏரியல். ஒயர் இல்லாத இயர்போன் வந்ததும் அந்த வசதியே பல போன்களில் போய்விட்டது. எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று 2023-இல் மத்திய அரசே போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது.

பாட்டை மட்டும் நம்பி இனி ஒரு நிலையம் நிற்காது. அதைக் காப்பாற்றக்கூடியது உள்ளூர்ச் செய்தி. அதற்குத்தான் தடை. தனியார் பண்பலை ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பலாம். சொந்தமாகச் செய்தி தயாரிக்கக் கூடாது. 2011 கொள்கைப்படி போக்குவரத்து, வானிலை, மின்சாரம், குடிநீர் பற்றிய தகவலைச் சொல்லலாம். கோவைக்குச் சிறுவாணித் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லலாம். ஏன் வரவில்லை என்று விசாரித்துச் சொல்லப் போனால் அது செய்தியாகிவிடும்.

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. நொய்யல் ஆற்றின் நிலையை, நூல் விலையை, பட்டறைகளின் கஷ்டத்தை நம் பேச்சில் விசாரித்துச் சொல்லும் உரிமையை உள்ளூர் நிலையங்களுக்குக் கொடுக்க வேண்டும். கேட்க ஊர் தயாராகத்தான் இருக்கிறது.