தில்லியின் இரும்புப் பாலம்

1857 மே 11 அன்று கிளர்ச்சி செய்த மீரட் சிப்பாய்கள் தில்லிக்குள் நுழைந்தது, படகுகளை வரிசையாகப் பிணைத்து யமுனையில் மிதக்கவிட்டிருந்த பாலத்தின் வழியே. பத்தே ஆண்டுகளில், ஹவுராவிலிருந்து பாதை போட்டுக்கொண்டு வந்த கிழக்கிந்திய ரயில்வே கம்பெனி, அதே ஆற்றின்மீது இரும்புப் பாலம் கட்டி முடித்தது. தில்லிக்காரர்களுக்கு இன்றும் அது 'லோஹே கா புல்'. கரையேறும் ரயிலுக்காகச் சூர் வம்சத்து சலீம்கட் கோட்டையின் நடுவே வழி வெட்டினார்கள். பின்னாளில் பக்கத்தில் புதுப் பாலம் கட்டத் தொடங்கியபோது அதே கோட்டையை முன்வைத்துத் தொல்லியல் துறை எழுப்பிய ஆட்சேபம் வேலையை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. 1860களில் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

யமுனையின் அடியில் மணல். அங்கே தூணை எப்படி நிறுத்துவது? கரையில் வீட்டுக் கிணற்றுக்கு உறை இறக்குவதுபோல, செங்கல் சுவரை வட்டமாக எழுப்பி, உள்ளே மணலைத் தோண்டத் தோண்ட அதன் எடையிலேயே அதை இறங்கவிட்டார்கள். வெள்ளம் அரிக்கும் ஆழத்தையும் தாண்டி இறங்கினால்தான் தூண் நிற்கும்.

தூண்களுக்கு மேலே 12 பெரிய கண்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 202 அடி. அவ்வளவு தூரத்தைத் தாண்டுவதற்கு முழு இரும்புச் சுவர் தேவையில்லை, முக்கோணங்களாலான சட்டம் போதும். நான்கு குச்சிகளை மூலைக்கு ஓர் ஆணி அடித்துச் சதுரமாக்குங்கள். கை பட்டாலே சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி வைத்தால் அசையாது. ரயில் ஏறும்போது சட்டத்தின் மேல்விளிம்பு நசுங்கப் பார்க்கும், கீழ்விளிம்பு இழுபடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள சாய்வுக் கம்பிகள் பாரத்தைத் தூணுக்குக் கொண்டுசேர்க்கும். வெயிலுக்கும் குளிருக்கும் நடுவே 40 டிகிரி வித்தியாசம் வந்தால் இந்த நீளத்து இரும்பு மூன்று சென்டிமீட்டர்வரை நீளும். அதனால் இத்தகைய சட்டங்களின் ஒரு முனையை இறுக்காமல் நகரவிடுவார்கள்.

ரயில் மேலே, சாலை கீழே. 1913இல் இரண்டாவது ரயில்பாதைக்காக இன்னொரு வரிசைச் சட்டங்களைச் சேர்த்தார்கள். வெள்ளம் ஏறினால் முதலில் சாலையை மூடுவார்கள், பிறகு ரயிலையும் நிறுத்துவார்கள்.

தில்லி வெள்ளச் செய்தியில் வரும் யமுனை நீர்மட்டம் இந்தப் பாலத்தருகே அளந்ததுதான். அபாய அளவு 205.33 மீட்டர். 1978இல் நீர்மட்டம் 207.49ஐத் தொட்டது, 2023 ஜூலையில் அதையும் தாண்டி 208.66 ஆனது. அடுத்த மழைக்காலத்தில் 'பழைய ரயில் பாலத்தில் நீர்மட்டம்' என்று படித்தால், 205.33ஐ நினைவில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.