எச்சில் பட்டுச் சிவக்கும் கன்னம்: எல்லாவற்றுக்கும் பல்தான் காரணமா?

ஆறு மாதக் குழந்தை. மடியில் கிடந்து சிரிக்கிறது. சிரிக்கும்போதே வாயோரம் எச்சில் நூலாக இறங்கி, தாடையைத் தாண்டி, கழுத்து மடிப்பில் போய்த் தேங்குகிறது. தாடையில் சிவப்புத் தடிப்பு. கன்னத்தில் பொரிப்பொரியாக ஏதோ கிளம்பியிருக்கிறது. தாய் துண்டை எடுத்துத் துடைக்கிறார். மீண்டும் வடிகிறது. மீண்டும் துடைக்கிறார். மாலைக்குள் தாடை இன்னும் சிவந்துவிடுகிறது.

"பல்லு வருதும்மா, தானா சரியாயிடும்" என்கிறார் பாட்டி. பக்கத்து வீட்டு அக்கா பவுடர் போடச் சொல்கிறார். அத்தை தைலத்தை எடுத்துக்கொண்டு வருகிறார். இவர்களில் யார் சொல்வதைக் கேட்பது? குழந்தை வளர்ப்பு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இளந்தாய்மார்கள் கேட்கின்ற கேள்வி இதுதான்.

எச்சில் ஏன் வடிகிறது?

இரண்டு, மூன்று மாதங்களிலேயே குழந்தையின் உமிழ்நீர்ச் சுரப்பிகள் சுறுசுறுப்பாக வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. சுரக்கின்ற எச்சிலை உடனுக்குடன் விழுங்கும் பழக்கம் மட்டும் குழந்தைக்கு இன்னும் வந்திருக்காது. முன்பற்களும் இல்லாததால், தடுக்க ஆளில்லாத ஓடை போல எச்சில் வெளியே வந்துவிடுகிறது. முதல் பல் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாத வாக்கில் எட்டிப் பார்க்கும். சில குழந்தைகளுக்கு நான்கு மாதத்திலும், இன்னும் சிலருக்கு ஒரு வயதை ஒட்டியும் வரலாம். அந்தச் சமயத்தில் ஈறு குறுகுறுப்பதால் குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும். எச்சிலும் கூடும்.

எச்சில் வடிவது நோயல்ல. அது தோலில் தங்குவதுதான் பிரச்சினை.

தோல் ஏன் சிவக்கிறது?

நெடுநேரம் துணி துவைத்தால் பெரியவர்களின் விரல்களே ஊறிச் சுருங்கிப் போகின்றன. குழந்தையின் தோலில் வெளிப்புறக் காப்பு அடுக்கு பெரியவர்களுடையதைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு மெல்லியது. அந்தத் தோல் நாள் முழுவதும் நனைவதும் காய்வதுமாக இருந்தால் என்ன ஆகும்? எச்சில் வெறும் தண்ணீரும் அல்ல. உணவைச் செரிக்கத் தொடங்கும் நொதிகள் அதில் உண்டு. ஊறிய தோலை அவை உறுத்துகின்றன. அதன்மேல் துண்டை வைத்துத் தேய்த்தால் மிச்சமிருக்கும் காப்பும் போய்விடும். நமது நாட்டு வெயிலும் புழுக்கமும் சேர்ந்துகொண்டால் கழுத்து மடிப்பு காயவே காயாது. அங்கே காளான் கிருமியும் குடியேறிவிடும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, தேய்த்துத் துடைக்காதீர்கள். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பாட்டி பெட்டியில் வைத்திருக்கும், பலமுறை துவைத்த பழைய வேட்டித் துணியைவிட இதற்கு நல்லது வேறில்லை.

இரண்டாவது, காலையும் மாலையும், பால் குடித்த பிறகும், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் முகத்தையும் கழுத்து மடிப்பையும் மெதுவாகச் சுத்தம் செய்யுங்கள். சிவந்த இடத்திற்குச் சோப்பும் வாசனை ஈரத்தாளும் வேண்டாம்.

மூன்றாவது, தோல் நன்றாகக் காய்ந்த பிறகு வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகப் பூசுங்கள். பலரும் வேசலின் என்று சொல்வது இதைத்தான். இது தோலுக்கும் எச்சிலுக்கும் நடுவே ஒரு மழைக்கோட்டு மாதிரி நிற்கும். நனைவதற்கு முன்பே பூச வேண்டும் என்பதே இதில் முக்கியம். உணவு ஊட்டுவதற்கு முன்பும் தூங்க வைப்பதற்கு முன்பும் பூசினால் பலன் அதிகம். ஈரத்தின் மேல் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

நான்காவது, மார்பில் கட்டும் எச்சில் துணி நனைந்த உடனே மாற்றுங்கள். ஈரத் துணி கழுத்தில் உரசிக்கொண்டே இருந்தால் எல்லாம் வீண். தூங்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள். கழுத்தை இறுக்கிவிடும் அபாயம் உண்டு.

இப்படிச் செய்தால் சில நாட்களிலேயே சிவப்பு தணியத் தொடங்கும். ஒரு வாரமாகியும் குறையவில்லை, தோல் வெடித்து நீர் வடிகிறது, மஞ்சள் பொருக்கு கட்டுகிறது, கொத்தாக நீர்க்கொப்புளம் கிளம்புகிறது என்றால் கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள்.

எதைச் செய்யக்கூடாது?

பவுடர் வேண்டாம். பெடாக் செஜூக்கும் வேண்டாம். ஈரத்தில் பவுடர் கட்டிபிடித்து மடிப்பில் உராயும். தூள் பறந்து குழந்தையின் நுரையீரலுக்குள்ளும் போகும். கற்பூரம், மெந்தால் கலந்த தைலங்கள் குழந்தையின் முகத்திற்கு உரியவை அல்ல. ஜி-6-பி-டி குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கற்பூரம் இரத்த அணுக்களையே சிதைத்துவிடலாம். போன தடவை வேறு எதற்கோ வாங்கிய ஸ்டீராய்டு களிம்பு மிச்சமிருக்கிறதே என்று அதைப் பூசுவதும் தவறு.

ஈறு வலிக்கு, சுத்தமான ஈரத்துணியைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் சற்று வைத்துக் கடிக்கக் கொடுங்கள். உறைந்து கல்லாகக் கூடாது. கழுவிய விரலால் ஈறை மெதுவாகத் தடவுவதும் இதம் தரும். பென்சோகேய்ன் கலந்த மரப்பு ஜெல் இரத்தத்தில் உயிர்வாயு செல்வதைக் கெடுக்கக்கூடும் என்பதால், பல் முளைக்கும் குழந்தைகளுக்கு அதை விற்பதை நிறுத்துமாறு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. அதே ஆண்டின் இறுதியில், பல் வலிக்கென்று அணிவிக்கும் மணிமாலைகள் குறித்தும் அது எச்சரித்தது. தூக்கத்தில் அத்தகைய மாலை இறுக்கி 18 மாதக் குழந்தை ஒன்று இறந்திருந்தது. ஈறில் தேன் தடவுவதும் வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில், தேனிலுள்ள ஒருவகைக் கிருமி நஞ்சை உண்டாக்கும்.

"பல்லு வருது" என்ற சொல்லில் ஓர் ஆபத்து

மருத்துவம் வளராத காலத்தில் குழந்தைக்கு எது வந்தாலும் பல்லின் மேல் பழி போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மரணப் பதிவேட்டில்கூட "பல் முளைத்தல்" ஒரு காரணமாக எழுதப்பட்டது. வலியைத் தணிக்கவென்று விற்கப்பட்ட பல் பொடிகளில் பாதரசம் இருந்தது. அதனால் கைகால் சிவந்து வீங்கும் நோய் குழந்தைகளைத் தாக்கியது. 1954இல் அங்கே அந்தப் பொடிகள் கைவிடப்பட்ட பிறகுதான் அந்நோய் மறைந்தது.

இன்று உண்மை தெளிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016இல் வெளிவந்த தொகுப்பும் சொல்வது ஒன்றுதான். பல் முளைக்கும்போது எச்சில் வடியும், ஈறு உறுத்தும், குழந்தை சிணுங்கும். உடம்பு லேசாகச் சூடாகலாம். கடுமையான காய்ச்சல் பல்லினால் வருவதில்லை.

நமக்கு இது ஏன் முக்கியம்? கை, கால், வாய்ப்புண் நோய் நம் வட்டாரத்தில் அடிக்கடி தலைகாட்டுகிறது. 1997இல் சரவாக்கில் அது பரவியபோது ஏறத்தாழ 30 குழந்தைகள் உயிரிழந்தனர். 2000இல் சிங்கப்பூரிலும் பரவி, குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. அந்நோயில் வாய்க்குள் புண் வருவதால் விழுங்க முடியாமல் எச்சில் வழியும். பார்ப்பதற்குப் பல் முளைப்பது போலவே இருக்கும்.

ஆகவே, குழந்தைக்குத் திடீரென்று எச்சில் அதிகமாகி, காய்ச்சலும் அடித்து, பாலையும் மறுத்தால், வாய்க்குள் பாருங்கள். உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் புள்ளியோ கொப்புளமோ உண்டா என்று பாருங்கள். இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கொப்புளம் இல்லாவிட்டாலும் காய்ச்சலுக்குக் காரணம் பல் என்று விட்டுவிடாதீர்கள். தூக்கத்தில் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு அதிர்கிறது, சோர்ந்து கிடக்கிறது, ஓயாமல் வாந்தி எடுக்கிறது, சிறுநீர் குறைந்துவிட்டது என்றால் மருத்துவமனைக்கே விரையுங்கள். மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகை காய்ச்சல் வந்தாலே காத்திருக்கக் கூடாது.

தாடையின் சிவப்புக்குப் பாட்டி சொன்னது சரிதான். அதற்கு ஒற்றி எடுத்து, காய வைத்து, மெல்லப் பூசினால் போதும். அதே பாட்டி காய்ச்சலில் துவளும் குழந்தையைப் பார்த்தும் "பல்லு வருதும்மா" என்று சொன்னால், மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டுக்கொண்டே குழந்தையின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.